தரங்கம்பாடிச் சபையும் ‘நாம்’ என்னும் சொல்லும்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. கேட்போரையும் உளப்படுத்திச் சொல்வது ‘நாம்’. கேட்போரை விலக்கிச் சொல்வது ‘நாங்கள்’. மலாய்மொழி பயின்ற நம் மாணவர்க்கு இதில் வியப்பேதும் இராது. ‘கித்தா’ என்பதற்கும் ‘காமி’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் அதுவே. ஜெர்மானிய மொழியிலும் டேனிய மொழியிலும் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே அம்மொழிகளைப் பேசி வளர்ந்த ஒருவர் தமிழர் கூட்டத்தின் நடுவே நின்று ‘நம்முடைய’ என்று சொல்வதா, ‘எங்களுடைய’ என்று சொல்வதா என்பதைத் தமிழரிடமிருந்தே கற்றாக வேண்டும்.

கிறித்தவ வழிபாட்டை உற்றுக் கேட்டால் இவ்விரு சொற்களும் இடம் மாறி மாறி வருவதைக் காணலாம். இறைவனை நோக்கி வேண்டும்போது கூடியிருப்போர் ‘எங்கள்’ என்கின்றனர். வேண்டப்படுபவர் வேண்டுவோர் கூட்டத்துள் அடங்கார் அல்லவா? போதகர் சபையாரை நோக்கிப் பேசும்போது அதே கூட்டம் ‘நாம்’ ஆகிவிடுகிறது. ஒரு மணி நேர வழிபாட்டில் ஒரு கூட்டம் பலமுறை ‘நாங்கள்’ ஆகவும் ‘நாம்’ ஆகவும் மாறுகிறது. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளுள் மூத்ததாகிய தரங்கம்பாடிச் சபையின் வரலாற்றை இச்சிறு சொல்லின் வழியே நோக்குவது இவ்வுரையின் எண்ணம். அச்சபையைப் பற்றி நம் பள்ளி நூல்களில் வருவதெல்லாம் பெரும்பாலும் அச்சு இயந்திரத்தைப் பற்றியே. அச்சுக்கூடத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களைப் பற்றி ஒரு வரியும் காண்பது அரிது. மேலும், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் இன்றும் தமிழில் வழிபடும் லுத்தரன் சபையின் வேர் அங்கேதான் கிடக்கிறது. எனவே இது நமக்கு அயலான கதையன்று.

தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் தரங்கம்பாடியைப் பெற்றது 1620ஆம் ஆண்டு. கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. மிளகும் துணியும் கப்பலேறின. ஏறக்குறைய 86 ஆண்டுகள் அவ்வூர் ஒரு வணிகக் குடியேற்றமாகவே இருந்தது. டேனிய மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரு ஜெர்மானிய இளைஞர், பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும், 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கு வந்து சேர்ந்தனர். மறுநாள் சீகன்பால்குக்கு வயது 24 நிறைந்தது. வந்தவர்களை வணிகக் குழுமத்தார் வரவேற்கவில்லை. மன்னரின் ஆணை கையிலிருந்தும் ஊர்த்தலைவர் அவர்களைச் சுமையாகவே கருதினார். பின்னர் 1708ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்கைக் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்து வைத்தவரும் அதே தலைவர்தாம். சமயப் பரப்புநரும் குடியேற்ற ஆட்சியாளரும் எப்போதும் ஒரே கையின் இரு விரல்கள் என்று பொதுப்படக் கூறுவோர் இந்நிகழ்ச்சியைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

அவர்கள் தமிழ் கற்ற முறையைச் சற்று நின்று நோக்குவோம். எழுபது வயதை எட்டிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அவர்கள் நாடினர். அவர் தம் பள்ளியையே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சிறுவர் வரிசையில் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினர். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இருவரும் அதே வரிசையில் அமர்ந்து அதே மணலில் எழுதினர். எழுத்தை அறிந்தும் பொருளை அறியாத நிலை வந்தபோது, போர்த்துகீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் பழகிய அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் துணைக்கு வந்தார். 1708ஆம் ஆண்டளவில் சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நூறுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் விவரம் அதில் உண்டு. தமிழ் நூற்பட்டியல் வரலாற்றில் அது ஒரு முதன்மையான ஆவணம். ஆயினும், அச்சுவடிகளைக் காட்டிலும் அந்த மணல்வரிசையே சபையின் வரலாற்றுக்கு இன்றியமையாதது என்பது நம் கருத்து. அயலார் இருவர் தமிழரின் ‘நாம்’ என்னும் வட்டத்துக்குள் முதன்முதல் அனுமதிக்கப்பட்ட இடம் அதுவே. அனுமதித்தவர் பெயர் குறிக்கப்பெறாத ஒரு முதிய வாத்தியார்.

சபையின் முதல் உறுப்பினர் யாவர்? 1707 மே 12ஆம் நாள் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அச்சடங்கு டேனியரின் சீயோன் கோயிலிலேயே நடைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் எருசலேம் என்னும் பெயரால் தமிழர்க்கென ஒரு சிறு கோயில் கடற்கரையருகே திறக்கப்பட்டது. செப்டம்பரில் தமிழர் ஒன்பதின்மர் திருமுழுக்குப் பெற்றனர். வழிபாடு தமிழில் ஒரு வேளையும் போர்த்துகீசியத்தில் ஒரு வேளையும் நடந்தது. ஏனெனில், அக்காலக் கடற்கரை நகரங்களில் போர்த்துகீசியம் ஒரு பொதுமொழி. கலப்பு மரபினரும் அடிமைகளும் வணிகரும் அதனையே பேசினர். ஆகவே தமிழ்ச் சீர்திருத்தச் சபை பிறந்தபோதே இருமொழிச் சபையாகப் பிறந்தது. நம் நாட்டுச் சபைகளில் காலையில் ஆங்கிலமும் பின்னர்த் தமிழும் ஒலிப்பதைக் கண்டு ‘தமிழ் தேய்கிறது’ என்று கவலுறுவோர் இச்செய்தியையும் அறிந்திருத்தல் நலம். அக்கவலை பொருளற்றது என்று நாம் சொல்லவில்லை. இருமொழி நிலை நேற்று வந்ததன்று என்று மட்டுமே சொல்கிறோம்.

புதிதாகச் சேர்ந்தோர் இழந்தவை பல. சாதி மரபினரும் உற்றாரும் விலக்கினர். திருமண உறவு அறுந்தது. தொழில் செய்யும் இடத்தில் வேலை போயிற்று. அயலவர் இதனை எவ்வாறு கண்டனர் என்பதை அறிய நமக்கு ஓர் அரிய சான்று உண்டு. 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவர் தோழர் கிருண்ட்லரும் தமிழ் அறிஞர்க்கும் பெரியோர்க்கும் வினாக்கள் விடுத்து, அவர்கள் விடையாக எழுதிய மடல்களை மொழிபெயர்த்தனர். அவற்றுள் 99 மடல்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறின. எழுதியோர் கிறித்தவர் அல்லர். ஐரோப்பியரின் குடியையும் தூய்மையின்மையையும் ஒழுக்கக் குறைவையும் அவர்கள் தயக்கமின்றிச் சாடினர். உங்கள் மக்களின் நடத்தையைப் பார்த்த பின் உங்கள் சமயத்தை நாங்கள் எவ்வாறு ஏற்போம் என்பதே அவர்கள் எழுப்பிய வினாவின் சாரம். தம்மைச் சாடும் மடல்களைத் தாமே மொழிபெயர்த்துத் தம் நாட்டினர்க்கு அனுப்பிய செயலை நாம் பாராட்டத்தான் வேண்டும். அம்மடல்களில் ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்னும் கோடு தெளிவாக இருந்தது. அக்கோட்டின் மேலேயே சபையார் வாழவேண்டியிருந்தது.

இந்நிலையில் சபை ஒரு வழிபாட்டிடமாக மட்டும் இருக்க இயலாது. உறவின் இடத்தையும் அதுவே நிரப்பியாக வேண்டும். வேலை இழந்தவர்க்கு வேலை தேடித் தருவது, கைம்பெண்களுக்கும் வறியோர்க்கும் உதவுவது, பெற்றோரற்ற பிள்ளைகளை விடுதியில் வைத்து வளர்ப்பது, இறந்தோரை அடக்கம் செய்வது ஆகிய அனைத்தும் சபையின் பொறுப்பாயின. பள்ளிகள் தொடக்க முதலே இருந்தன; பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி இருந்தது. அச்சகம் வந்தபின் எழுத்துக் கோத்தல், அச்சிடுதல், நூற்கட்டு ஆகிய தொழில்களில் சபையாரே பயிற்சி பெற்றனர்.

அச்சகத்தின் கதையைப் பலரும் அறிவர், விரைந்து கடப்போம். 1712இல் இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் உதவியால் அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயில் வார்க்கப்பெற்ற தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிது, தாள் குறைவு. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கி வார்த்தனர் என்று வழங்கும் கதையை மாணவர் மறப்பதில்லை என்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறோம். தாளுக்கும் அருகிலுள்ள பொறையாற்றில் ஆலை அமைத்தனர். 1714இல் நற்செய்தி நூல்கள் நான்கும் திருத்தூதர் நடபடிகளும் வெளிவந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையடைந்தது.

மொழி பற்றியே நாம் சற்று விரிவாகப் பேச வேண்டும். தரங்கம்பாடியார் தமக்கெனச் சொற்களை வெறுமையிலிருந்து படைக்கவில்லை. அவர்களுக்கு ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டு முன்பே அண்டிரிக் அடிகளார் தமிழில் நூல் அச்சிட்டிருந்தார்; நூறாண்டு முன்பே தத்துவ போதகர் என்னும் இராபர்ட் டி நோபிலி மதுரையில் வடசொல் மிகுந்த ஒரு சமயமொழியைச் சமைத்திருந்தார். ‘ஞானஸ்நானம்’ என்னும் சொல் அவ்வழி வந்தது. கொள்கையில் கத்தோலிக்கரோடு கடுமையாக முரண்பட்ட லுத்தரன் மரபினர் சொல்லில் அவர்களுக்கே கடன்பட்டனர். இறைவனைக் குறிக்கவும் கத்தோலிக்கர் வழங்கிய ‘சர்வேசுரன்’ என்னும் சொல்லையே சீகன்பால்கு கையாண்டார். பின்வந்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 19ஆம் நூற்றாண்டில் பவர் தலைமையில் அமைந்த திருத்தம் ‘தேவன்’ என்று மாற்றியது. அண்மைக்காலப் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கிறது. ஒரு சொல் மாறும்போதெல்லாம் சபையில் சலசலப்பு எழுந்ததுண்டு. பாட்டி கற்றுக்கொடுத்த பெயரால் இறைவனை அழைத்துப் பழகிய நாவுக்கு, அறிஞர் குழு முடிவு செய்த பெயர் எளிதில் படிவதில்லை. ஒரு மொழிச் சமூகத்தில் சொல் மாற்றம் எத்தனை தலைமுறை எடுக்கும் என்பதை ஆராய விரும்பும் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த களம் கிடைப்பது அரிது.

சீகன்பால்கின் உரைநடையைப் புலவர் உலகம் ஏற்கவில்லை. அவர்களுள் முதன்மையானவர் நம் பெருமதிப்புக்குரிய வீரமாமுனிவரே. 1728இல் எழுதிய ‘வேத விளக்கம்’ என்னும் நூலில் அவர் தரங்கம்பாடியாரின் தமிழைக் கடுமையாக எள்ளி நகையாடினார். இலக்கணப் பிழை உண்டு, கொச்சை உண்டு, தொடரமைப்பில் அயல்மொழி நெடி உண்டு என்பதை நாமும் மறுப்பதற்கில்லை. அந்நடையை மாணவர்க்கு எடுத்துக்காட்டாக வைக்கவும் மாட்டோம். ஆயினும் அத்தமிழ் யாரிடமிருந்து கேட்டு எழுதப்பட்டது என்பதையும் எண்ண வேண்டும். கடற்கரையில் வாழ்ந்தோர், வீட்டு வேலை செய்தோர், நெசவாளர், உழவர் ஆகியோர் காதில் விழுந்தவுடன் விளங்க வேண்டும் என்பதே அதன் இலக்கு. செந்தமிழ் பயிலும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் அக்கூட்டத்தில் பலர். வீரமாமுனிவர் புலவர்க்குக் காப்பியம் தந்தார். தரங்கம்பாடியார் எழுத்தறியாதவர் கூடிக் கேட்பதற்கு ஓர் உரைநடையைத் தேடினர். இரு முயற்சிகளையும் ஒரே அளவுகோலால் அளப்பது மொழியியலார்க்குத் தகாது.

அவ்வுரைநடை உயிர்பெற்ற இடம் அச்சுத்தாள் அன்று, வினாவிடை வகுப்பு. லுத்தரின் ஞானோபதேசக் குறிப்பிடம் வினாவும் விடையுமாக அமைந்த ஒரு சிறு நூல். உபதேசியார் வினவுவார், பிள்ளைகளும் பெரியோரும் ஒரே குரலில் விடை சொல்வர். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் முறையோடு இது எளிதில் பொருந்தியது. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மனனம் செய்யும் நம் மரபில் மனனத்துக்கு உரியது செய்யுளே. எதுகையும் மோனையும் நினைவுக்குத் துணை நின்றன. உரைநடையை மனனம் செய்தல், அதுவும் அடிமையும் உழவரும் சிறுமியும் சேர்ந்து ஒரே தொடரை ஒரே நிறுத்தத்தோடு சொல்லுதல், தமிழ்ச் சமூகத்தில் அரிய பழக்கம். தொடரின் நீளம் மூச்சின் நீளத்துக்கு அடங்க வேண்டியதாயிற்று. பிற்காலத் தமிழ்ப் பாடநூல்களின் வினாவிடை நடைக்கு இப்பழக்கமும் ஓர் ஊற்று என்று நாம் கருதுகிறோம்.

இனி, சபை வரலாற்றின் கடினமான பகுதிக்கு வருவோம். இதனைத் தவிர்த்துவிட்டுச் சபையின் ஒற்றுமையைப் பாராட்டிப் பேசுதல் எளிது. நூற்றாண்டு மலர்கள் பலவும் அவ்வாறே செய்கின்றன.

பழைய எருசலேம் கோயில் போதாமையால் புதிய கோயிலுக்கு 1717இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1718 அக்டோபர் 11ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் படைக்கப்பெற்றது. இன்றும் தரங்கம்பாடியின் அரசர் தெருவில், முகப்பில் டேனிய மன்னரின் முடியும் பெயரெழுத்தும் பொறித்து, அது நிற்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அவ்வூரைத் தாக்கியபோதும் அது நிலைத்து நின்றது. கோயில் கட்டிமுடித்த நான்கே மாதங்களில், 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில் சீகன்பால்கு மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கட்டடம் சிலுவை வடிவினது. நான்கு கைகளும் நடுவில் கூடுமிடத்தில் பேசுவோரின் குரல் எல்லாப் பக்கமும் செல்லும். அவ்வடிவம் பிறிதொன்றுக்கும் வசதியாயிற்று. வேளாளர் முதலியோரும், பறையர் என அழைக்கப்பட்டோரும், இடைவெளி விட்டுத் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்துக் கிண்ணத்தை யார் முன்னர்ப் பெறுவது என்பதிலும் வரிசை இருந்தது. போதகர் ஒருவர் ‘நாம்’ என்று சொல்லும்போது அச்சொல் சிலுவையின் எல்லாக் கைகளையும் எட்டியது. கேட்டவர்களோ எழுந்து ஒருவர் பக்கம் ஒருவர் அமரவில்லை.

1733 டிசம்பர் 28ஆம் நாள் அக்கோயிலில் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். கடலூரில் வேளாளர் குடும்பத்தில் ஆறுமுகம் என்னும் பெயரோடு பிறந்து, 1718இல் திருமுழுக்குப் பெற்று, ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்தவர் அவர். சீர்திருத்தச் சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. மாயவரத்துச் சுற்று வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று பணியாற்றி 1745இல் மறைந்தார். ஐரோப்பியர்க்கு வெளியே, தமிழர்க்குத் தமிழரே குருவாக நிற்கும் நிலை வந்தது. ஐயத்திற்கு இடமின்றி அது ஒரு பெருநாள்.

அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்னும் உபதேசியார் ஒருவர் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய கத்தோலிக்கக் குடும்பத்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் அவர் கையில் கிடைத்தது, படித்தார், படித்ததன் விளைவாகத் தரங்கம்பாடியாரை நாடி வந்தார். ஐரோப்பியர் நுழைய இயலாத தஞ்சை நாட்டில் சபைகளை உருவாக்கிப் பேணியதில் அவர் பங்கு மிகப் பெரிது. 1741இல் இரண்டாம் தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டியபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் பறையர் மரபினர். அவர் கையால் திருவிருந்து பெறப் பிற சாதியார் இசையார் என்று அஞ்சி, குருப்பட்டத்தை தியோகு என்பவர்க்கு வழங்கினர். தியோகு தகுதியற்றவர் என்று எவரும் சொல்லார். இராசநாயக்கனின் தகுதியையும் எவரும் மறுக்கவில்லை. அவர் மனம் கசந்து விலகிச் செல்லவுமில்லை. நெடுங்காலம் உபதேசியாராகவே பணியாற்றி 1771இல் மறைந்தார்.

முடிவெடுத்த ஐரோப்பியர் சபை உடைந்துவிடும் என்று அஞ்சினர் என்பர். அவ்வச்சத்தில் பொய்யில்லை. ஆனால் எதை உடையாமல் காத்தனர் என்று நாம் கேட்க வேண்டும். மணலில் சிறுவரோடு வரிசையில் அமர்ந்து தொடங்கிய ஓர் இயக்கம், ஒரு தலைமுறைக்குள், தன் சிறந்த ஊழியரை வரிசையின் முன்னே வர விடவில்லை. இதனைக் காலத்தின் குறை என்று கூறிக் கடந்துவிடுவோரும் உளர். நாம் அக்கட்சியில் இல்லை. 99 மடல்களில் தம்மைச் சாடிய சொற்களையே மறைக்காமல் மொழிபெயர்த்தவர்களின் வழிவந்தோரிடம் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

தஞ்சையில் இவ்வினா மீண்டும் வெடித்தது. சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் கல்வி பெற்ற வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறித்தவ இசைக்கு முகம் தந்தவர். பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியவர். ஜெர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளோடு, இராக தாளத்தில் அமைந்த கீர்த்தனைகளையும் சபையார் நாவில் நிறுத்தியவர். 1820களில் வந்த இளைய பரப்புநர் சாதிவாரி இருக்கையை ஒழிக்க முனைந்தனர். தமிழ் இசையையும் சில வழக்கங்களையும் அதனோடு சேர்த்தே நீக்கவும் முற்பட்டனர். சாஸ்திரியார் எதிர்த்தார், 1829இல் வேலையிழந்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை சபையில் உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் வெளியேறினர். ஒரு பகுதியினர் பின்னர் லுத்தரன் சபையை நாடினர்.

இங்கே நம் நிலை சிக்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். தமிழ் இசைக்காகப் போராடிய சாஸ்திரியாரை நாம் போற்றுகிறோம். இருக்கை வரிசைக்காகப் போராடிய சாஸ்திரியாரோடு நாம் உடன்பட இயலாது. இருவரும் ஒருவரே. பண்பாடு என்னும் ஒரே சொல்லுக்குள் கீர்த்தனையையும் சாதியையும் அவர் சேர்த்துக் கட்டினார். அவரை எதிர்த்தோரும் அதே கட்டை அவிழ்க்காமல் இரண்டையும் சேர்த்தே எறிய முயன்றனர். அக்கட்டை அவிழ்த்துப் பார்க்கும் வேலையை வகுப்பறையில் மாணவரிடம் கொடுத்தால் நல்ல கட்டுரைகள் கிடைக்கும்.

தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. சபை லைப்சிக் மிஷனின் பொறுப்புக்கு வந்தது. 1919இல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்னும் பெயரால் தன் காலில் நின்றது. இதற்கிடையே சபையாருள் பலர் கடல் கடந்திருந்தனர். மலாயாவின் தோட்டங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வந்த தமிழருள் லுத்தரன் மரபினரும் இருந்தனர். அவர்களைப் பேணுவதற்கு எழுந்த பணி 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் 1924இல் சீயோன் ஆலயம் எழுந்தது. தரங்கம்பாடியில் டேனியர் கோயிலுக்கு வழங்கிய பெயரும் சீயோன் என்பதே. அடிமைகள் ஐவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலின் பெயர் இரயில்வே தொழிலாளரின் கோயிலில் மீண்டும் ஒலிப்பதை நாம் தற்செயல் என்றே கொள்கிறோம். ஆயினும் மகிழ்ச்சி தரும் தற்செயல்.

குடிபெயர்ந்த மண்ணில் பழைய ஊர்கள் ஒன்றோடொன்று கலந்தன. தஞ்சை லுத்தரன், திருநெல்வேலி ஆங்கிலிக்கன், யாழ்ப்பாண மெதடிஸ்ட் என்று வெவ்வேறு வேர் கொண்டோர் ஒரே தெருவில் வாழ்ந்தனர். திருமணத்தால் இணைந்தனர், ஒருவர் சபை வழக்கத்தை மற்றவர் எடுத்துக்கொண்டனர். திருநெல்வேலிச் சபைகளின் ‘அசனம்’ அவற்றுள் ஒன்று. உணவு என்னும் பொருளுடைய வடசொல். பிறர் வாயில் வழக்கொழிந்தது, சபையார் வாயில் மட்டும் வாழ்கிறது. வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும் ஆட்டிறைச்சியும் பணமும் திரட்டி, பெரும் பாத்திரங்களில் சமைத்து, ஊரார் அனைவரும் ஒரே பந்தியில் உண்பர். அன்றாடம் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் ‘கைப்பிடி அரிசி’ வழக்கமும் அவ்வாறே. அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சலைப் படைத்து ஏலமிடுவர். வயலில்லாத நகரத்தில் அது வாழைத்தாரும் தேங்காயும் வீட்டில் சுட்ட பலகாரமும் ஆயிற்று. ஒரு தேங்காய் அதன் விலையைப் போல் பன்மடங்குக்கு ஏலம் போவதைப் பார்த்து அயலார் வியப்பர். ஏலம் எடுத்தவரே அதனை மீண்டும் ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு.

இவ்வழக்கங்களை இறையியல் நூல்களில் தேடினால் கிடைக்கா. ஆனால் சபையின் பொதுவுணர்வு எங்கே இருக்கிறது என்று நம்மைக் கேட்டால் பந்தியைத்தான் சுட்டுவோம். திருவிருந்துக் கிண்ணத்தின் வரிசையில் தீராத வழக்கு, வாழையிலையின் வரிசையில் சிறிது சிறிதாகத் தீர்ந்துவருகிறது. முற்றிலும் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், திருமணப் பேச்சு தொடங்கும் வரை பொறுத்திருந்து பாருங்கள் என்பதே நம் விடை.

பணி ஓய்வுக்குப் பின் சபைத்தமிழின் சொற்களைத் தொகுப்பதற்காகச் சில ஆலயங்களுக்குச் சென்றுவந்தோம். ‘ஊழியம்’, ‘சாட்சி’, ‘பாரம்’, ‘தரிசனம்’, ‘காணிக்கை’ ஆகிய சொற்கள் வெளியுலகில் ஒரு பொருளும் சபைக்குள் வேறு பொருளும் தருவதைக் குறித்துக்கொண்டிருந்தோம். ஓர் ஆலயத்தில் அன்று அசனம். வாயிலில் எம்மை வரவேற்ற மூதாட்டியார் ஒருவர், “எங்க சபைக்கு வந்ததுல ரொம்ப சந்தோசம் ஐயா” என்றார். எமக்கு இலையிட்டவரும் அவரே. எமக்கு இடப்பக்கம் ஒரு வங்கி அலுவலர், வலப்பக்கம் ஆலயத்தைத் துப்புரவு செய்யும் அம்மையார், எதிரே தமிழைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் இரு பிள்ளைகள். பந்தி முடிந்து விடைபெறும்போது அம்மூதாட்டியார் கையில் ஒரு பொட்டலம் கொடுத்துச் சொன்னார்: “அடுத்த மாசம் நம்ம சபையில அறுப்பின் பண்டிகை. மறக்காம வந்துருங்க.”

குறிப்பேட்டில் இரு தொடர்களையும் நாளிட்டு எழுதிக்கொண்டோம். அடுத்த மாதம் சென்றோம். இரண்டு தேங்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஏலத்தில் எடுத்தோம். விலையைச் சொல்ல வீட்டார் அனுமதி இல்லை.